பழுது பார்த்த கார்புரேட்டரும் மெதுவோட்டமும்

புல் வெட்டும் யந்திரம் ஒன்றின் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றி, பகுதிகளைக் கழுவி, புதிய பேக்கிங்குகளும் ஊசியும் இட்டு மீண்டும் பொருத்தியாயிற்று. கயிற்றை இழுத்ததும் எஞ்சின் கிளம்புகிறது. வேகமாக ஓடும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் வேகப்பிடியை ‘மெது’ நிலைக்குக் கொண்டுவந்தவுடன் இரண்டு மூன்று முறை திணறிவிட்டு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சிப் பண்ணைகளிலும், கல்லூரி மைதானங்களிலும், அரசாங்கத் தோட்டங்களிலும் யந்திரங்களைப் பராமரிப்போர் அடிக்கடி எதிர்ப்படும் நிலை இது. மிதவைக் கிண்ணம் உள்ள கார்புரேட்டரைக் கொண்ட சிறு நீர்ப்பம்புகளிலும் மின்னாக்கி யந்திரங்களிலும் இதே குறை நேர்வதுண்டு.

இந்நிலையில் வழக்கமாகச் செய்யப்படுவன இரண்டு. முதலாவது, வேகத் திருகை மேலும் உள்ளே முறுக்கி, எஞ்சின் நிற்காத அளவுக்கு வேகத்தை உயர்த்திவிடுவது. இரண்டாவது, புதிய கார்புரேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவது. முன்னது குறையை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. பின்னது, காரணம் கார்புரேட்டருக்கு வெளியே இருக்குமாயின், பணத்தை வீணாக்குகிறது. குறையை மறைத்துவிடுவதில் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான யந்திரங்களில் வெட்டும் அலகு எஞ்சின் தண்டோடு நேராக இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எஞ்சின் மெதுவாக ஓட மறுத்தால் அலகும் மெதுவாகச் சுழலாது. கல் மிகுந்த இடத்தைக் கடக்கும்போதும் திரும்பும்போதும் வேகத்தைத் தணிக்க இயலாத யந்திரம், இயக்குபவருக்கும் அருகில் நிற்போருக்கும் தீங்கு விளைவிக்கக் கூடியது.

காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. வரிசையாகச் சோதித்தால் அது தானே வெளிப்படும். அதற்குக் கார்புரேட்டரின் உள்ளமைப்பைப் பற்றிய சிறிதளவு அறிவு போதுமானது.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்விரண்டையும் தக்க அளவில் கலந்து எஞ்சினுக்கு அளிப்பதே கார்புரேட்டரின் வேலை. ஓடும் பாய்பொருளின் வேகம் மிகும் இடத்தில் அதன் அமுக்கம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-ல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். குழாயின் நடுவே ஒடுங்கிய தொண்டை ஒன்றை அமைத்தால் அங்கு அமுக்கம் தாழ்வதை இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சுரி 1797-ல் ஆராய்ந்து வெளியிட்டார். கார்புரேட்டரின் காற்றுக்குழாயில் இத்தகைய தொண்டை ஒன்று உண்டு. கீழேயுள்ள கிண்ணத்தில் மிதவையும் ஊசியும் பெட்ரோலை ஒரே மட்டத்தில் நிறுத்திவைக்கின்றன. கிண்ணத்தின் மேற்பரப்பில் வாயுமண்டல அமுக்கம் அழுத்துகிறது. தொண்டையிலோ அமுக்கம் குறைவு. இந்த வேறுபாட்டினால் பெட்ரோல் மெயின் ஜெட் என்னும் நுண்துளை வழியாக மேலேறி, காற்றோடு கலந்து தூவானமாகச் செல்கிறது.

வேகமாக ஓடும் எஞ்சினுக்கு இவ்வமைப்பே போதும். மெதுவோட்டத்தில் நிலைமை வேறு. அப்போது எஞ்சின் பக்கமுள்ள திராட்டில் தகடு ஏறக்குறைய முற்றிலும் மூடியிருக்கும். தொண்டையின் வழியே செல்லும் காற்று மிகச் சொற்பம். அதன் வேகமும் குறைவு. ஆகையால் அங்கு அமுக்கம் போதிய அளவு தாழ்வதில்லை. மெயின் ஜெட்டின் வழியே பெட்ரோல் எழும்புவதும் இல்லை.

ஆனால் மூடிய தகட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கத்தில், பிஸ்டனின் இழுப்பினால் அமுக்கம் பெரிதும் குறைந்திருக்கும். இந்த இழுப்பைப் பயன்படுத்துவதற்காகவே தனியாக ஒரு சிறு பாதை அமைக்கப்பட்டிருக்கிறது. அது கிண்ணத்திலிருந்து தொடங்கி, ஸ்லோ ஜெட் என்று பட்டறைகளில் வழங்கும் மிகச் சிறிய துளையைக் கடந்து, வழியில் சிறிது காற்றையும் ஏற்று, தகட்டின் விளிம்புக்கு அப்பாலுள்ள நுண்துவாரம் ஒன்றில் முடிகிறது. தகட்டின் விளிம்பை ஒட்டி வேறு சில துவாரங்களும் உண்டு. மெதுவோட்டத்திலிருந்து வேகத்துக்கு மாறும்போது இடையில் தடை நேராமல் இவை பெட்ரோலை அளிக்கின்றன.

ஆகவே ஒரே கார்புரேட்டருக்குள் இரண்டு கார்புரேட்டர்கள் இருப்பதாகவே கருதலாம். வேகமாக நன்கு ஓடும் எஞ்சின் மெதுவாக ஓட மறுத்தால், பெரிய பாதை சரியாக உள்ளது, சிறிய பாதையில் குறை உள்ளது என்பது நாம் அறியும் முதற் செய்தி. வேகத் திருகை முறுக்கினால் எஞ்சின் நிற்காமல் ஓடுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். தகடு சிறிது திறந்து இடைத் துவாரங்களை வெளிப்படுத்துகிறது. அடைபட்ட துவாரத்தின் வேலையை அவை செய்கின்றன. குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பழுது பார்த்த பின்னும் குறை நீடிப்பது ஏன்?

ஸ்லோ ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. பழைய பெட்ரோல் உலர்ந்து படியும் பிசின் இங்கே எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். துளையின் விட்டம் 0.40 மில்லிமீட்டர் என்க. அதன் உட்சுவர் முழுவதிலும் 0.05 மில்லிமீட்டர் கனத்தில் பிசின் படிந்தால் விட்டம் 0.30 ஆகும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், எஞ்சிய வழி முன்னதில் 56 சதவிகிதமே. மெயின் ஜெட்டின் விட்டம் 0.70 மில்லிமீட்டர் என்றால், அதே கனமுள்ள பிசின் படிந்தும் 73 சதவிகித வழி எஞ்சும். வேகத்தில் ஒரு குறையும் தோன்றாமல் மெதுவோட்டம் மட்டும் கெடுவதற்கு இதுவே காரணம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ‘துளை தெரிகிறது, ஆகவே சுத்தமாயிற்று’ என்று முடிவு செய்தல் தவறு.

அடைப்பை நீக்க எஃகுக் கம்பியை நுழைத்தலும் கூடாது. 0.40 மில்லிமீட்டர் துளை சுரண்டப்பட்டு 0.44 ஆனால் அதன் பரப்பு 21 சதவிகிதம் மிகும். பின்னர் அதைக் குறைக்க வழியில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பகுதிகளை முதலில் அகற்றிவிட்டு, உலோக உடலைக் கார்புரேட்டர் துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு வழியிலும் அமுக்கிய காற்றைச் செலுத்துவதே முறை. ஒரு துவாரத்தில் திரவத்தைச் செலுத்தினால் மறு துவாரத்தில் அது தாரையாக வெளிவர வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்தே இதைச் செய்க. பிடிவாதமான அடைப்புக்கு நைலான் தூரிகையின் ஒற்றை மயிரைப் பயன்படுத்தலாம்.

சில கார்புரேட்டர்களில் சிறிய பாதையின் துவாரங்கள், உடலில் அழுத்திப் பதித்த சிறு உலோக மூடியின் கீழ் மறைந்திருக்கும். அம்மூடியை அகற்றாமல் கழுவிய கார்புரேட்டர் உண்மையில் பாதியே கழுவப்பட்டது. புதிய மூடி கையிலிருந்தால் மட்டுமே பழையதை எடுக்க வேண்டும். வேறு சிலவற்றில் ஸ்லோ ஜெட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் உண்டு. பொருத்தும்போது அது விடுபட்டாலோ கிழிந்தாலோ, பெட்ரோலும் காற்றும் அளவின்றிக் கசிந்து கலவை கெடும்.

சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

யந்திரத்தைத் திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்துக. எஞ்சினின் புகையில் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மானாக்ஸைடு கலந்திருப்பதால், மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுதல் கூடாது. அலகின் அருகே கைவைக்கும் முன்னும், கார்புரேட்டரைத் தொடும் முன்னும் எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவைக்க வேண்டும். பெட்ரோலைக் கையாளும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்; அருகில் நெருப்பு இருத்தல் ஆகாது. கைப்பிடியை விட்டவுடன் எஞ்சினை நிறுத்தும் காப்புத்தண்டு உள்ள யந்திரங்களில், வசதிக்காக அத்தண்டைக் கயிற்றால் கட்டிவைக்கும் பழக்கம் மிகவும் தவறானது. அத்தகைய யந்திரத்தைச் சோதிக்க இருவர் வேண்டும்.

சில புதிய யந்திரங்களில் வேகம் நிலையாக அமைக்கப்பட்டு, மெதுவோட்டமே இராது. ஆகவே கைப்புத்தகத்தைப் பார்த்து, நம் யந்திரத்துக்கு மெதுவோட்டம் உண்டா, அதன் வேகம் எவ்வளவு என்பதை முதலில் அறிக. பல சிறிய எஞ்சின்களில் இது நிமிடத்துக்குச் சுமார் 1,400 முதல் 1,800 சுழற்சிகள். வேலை செய்யும் வேகமோ 3,000 சுழற்சிகளை ஒட்டியது.

பின்னர் எளியவற்றை முடித்துவிடுக. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுக. காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்க. பிளக்கின் இடைவெளியைக் கைப்புத்தகத்தின்படி அமைக்க. பல எஞ்சின்களில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். வேகப்பிடியை நகர்த்தும்போது கம்பிவடம் திராட்டிலை முழுமையாக மூடுகிறதா, சோக் முழுமையாகத் திறக்கிறதா என்று கண்ணால் காண்க. கழற்றிப் பூட்டிய பிறகு இக்கம்பிகள் இடம் மாறியிருத்தல் சாதாரணம்.

திசை காட்டும் சோதனை

இப்போது எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுக. வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எஞ்சின் திணறத் தொடங்கும் நிலையில் சோக்கை மெல்ல மூடுக. சோக் மூடும்போது காற்று குறைந்து பெட்ரோல் மிகும். விளைவு இரண்டில் ஒன்றாக இருக்கும்.

எஞ்சின் தெளிந்து சீராக ஓடினால், கலவையில் பெட்ரோல் குறைவு. அதற்குக் காரணம் சிறிய பாதையின் அடைப்பாக இருக்கலாம். அல்லது வேண்டாத காற்று எங்கிருந்தோ புகுவதாக இருக்கலாம்.

எஞ்சின் மேலும் திணறி, கரும்புகை விட்டு நின்றால், கலவையில் பெட்ரோல் மிகுதி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது கரி படிந்தோ ஈரமாகவோ இருக்கும்.

இந்த ஒரு சோதனை நம் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இதைச் செய்யாமல் திருகுகளை முறுக்கத் தொடங்குதல், திசை அறியாமல் நடப்பதற்கு ஒப்பாகும்.

பெட்ரோல் குறைவாயின்

முதலில் காற்றுக் கசிவை ஆராய்க. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே பேக்கிங்குகளும், பல எஞ்சின்களில் வெப்பத்தைத் தடுக்கும் கட்டை ஒன்றும் இருக்கும். பேக்கிங் கிழிந்தாலும், முன்பின் மாறினாலும், திருகாணி ஒருபக்கம் தளர்ந்தாலும் அங்கே காற்று புகும். இக்கசிவு மெதுவோட்டத்தை மட்டும் கெடுப்பதற்குக் காரணம் உண்டு. மெதுவோட்டத்தில் எஞ்சினுக்கு 10 பங்கு காற்றும், முழு வேகத்தில் 100 பங்கும் வேண்டும் என எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். கசியும் காற்று 2 பங்கு எனின், அது மெதுவோட்டத்தில் ஐந்தில் ஒன்று. முழு வேகத்தில் ஐம்பதில் ஒன்று. தவிரவும், மெதுவோட்டத்தில் இழுப்பு மிகுதியாகையால் கசிவும் அப்போதே அதிகம்.

கசிவைக் காண எஞ்சினின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் தீவிபத்துக்கு இடமளிப்பது. அதை அறவே விலக்குக. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இணைப்புகளைச் சுற்றிலும் கெட்டியான கிரீஸைத் தடவி, மீண்டும் கிளப்பி, சூடேறிய பின் முன்போலவே வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். புகைபோக்கியின் மேல் கிரீஸ் படலாகாது. மெதுவோட்டம் திருந்தினால் கசிவு கிடைத்துவிட்டது. புதிய பேக்கிங் இடுக, கிரீஸைத் துடைத்துவிடுக. அது சோதனைக்கே உரியது.

திராட்டில் தகட்டின் தண்டையும் விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் உழைத்த யந்திரத்தில் தண்டின் துளை தேய்ந்து, அவ்வழியே காற்று புகும். பழுது பார்க்கும் தொகுப்பில் வரும் பேக்கிங்குகளும் ஊசியும் இத்தேய்வைப் போக்குவதில்லை. கார்புரேட்டரையே மாற்றுவது நியாயமாகும் நிலைகளுள் இது ஒன்று.

கசிவு இல்லையென்று உறுதியான பின்னரே ஸ்லோ ஜெட்டை மீண்டும் கழற்றி, மேலே கூறியவாறு துப்புரவு செய்க. மிதவையின் மட்டத்தையும் அப்போது சரிபார்க்கலாம். மட்டம் மிகத் தாழ்ந்தால் குறை மெதுவோட்டத்தோடு நில்லாமல் வேகத்திலும் காணும்.

பெட்ரோல் மிகுதியாயின்

சோக் முழுமையாகத் திறக்காமை, ஊசி தன் இருக்கையில் சரியாக அமராமை, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது தாழ்தல், மிதவையின் மட்டம் உயர்ந்திருத்தல் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டினால், உள்ளே பெட்ரோல் இருக்குமாயின் ஒலியால் தெரியும். இவையாவும் சரியாக இருந்தால், சிறிய பாதையில் காற்று கலக்கும் துவாரத்தைக் கவனிக்க வேண்டும். அது கார்புரேட்டரின் வாயருகே உள்ளது. காற்று கலவாத இடத்தில் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி இழுக்கப்படும். பெட்ரோல் துளைகளை மட்டும் துப்புரவு செய்து இக்காற்றுத் துளையை மறந்துவிடுதல் அடிக்கடி நிகழ்வது.

கார்புரேட்டருக்கு வெளியே

இரு வகையிலும் குறை அகப்படாவிடில், தேடலை எஞ்சினுக்கு மாற்றுக. டேப்பட் இடைவெளி குறைந்து வால்வு முழுமையாக மூடாமல் போனால், அமுக்கம் கசிந்து எஞ்சின் மெதுவோட்டத்தில் நிற்கும். வேகத்தில் இக்குறை ஓரளவு மறைந்துவிடும். பலவீனமான பொறியும் இவ்வாறே.

எஞ்சின் நிற்காமல், அதன் வேகம் அலைபோல் ஏறி இறங்கினால் கவர்னரை நினைவிற் கொள்க. கவர்னரின் ஸ்பிரிங் அல்லது இணைப்புக்கம்பி தவறான துளையில் மாட்டப்பட்டிருக்கலாம். எனினும், பெட்ரோல் குறைந்த கலவையும் இதே அறிகுறியைக் காட்டும். சோக்கைச் சிறிது மூடியவுடன் அலைவு நின்றால் குற்றம் கவர்னரினுடையதன்று. கார்புரேட்டரைக் கழற்றுமுன் இணைப்புகளைப் படம் எடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்வது இத்தொல்லையைத் தவிர்க்கும்.

திருகுகளை அமைத்தல்

குறையை நீக்கிய பிறகே திருகுகளைத் தொட வேண்டும். கலவைத் திருகை மெல்ல உள்ளே முறுக்கி, அது அமர்ந்தவுடன் நிறுத்துக. வலிந்து இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். பின்னர் கைப்புத்தகம் கூறும் அளவு வெளியே திருப்புக. பல கார்புரேட்டர்களில் ஒன்றரைச் சுற்று தொடக்கத்துக்கு ஏற்றது. எஞ்சின் சூடேறியபின், காற்று வடிகட்டியைப் பொருத்திய நிலையில், கலவைத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சின் மிக விரைவாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் காண்க. இறுதியில் வேகத் திருகினால் உரிய வேகத்தை அமைக்கலாம். அடைப்பு கொண்ட திருகுகளைக் கைப்புத்தகம் அனுமதித்தாலன்றித் திருப்பலாகாது.

இங்கு ஒரு நுட்பம். கலவைத் திருகு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் கலவையின் அளவை ஆள்வது. வெளியே திருப்பினால் பெட்ரோல் மிகும். காற்று வாயின் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்வது. வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். கலவைத் திருகை எப்பக்கம் திருப்பினும் ஒரு மாறுதலும் நேரவில்லையானால் சிறிய பாதை இன்னும் அடைபட்டிருக்கிறது என்பது பொருள்.

இன்றைய பெட்ரோலைப் பற்றி

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலத்தல் 2022-ல் 10 சதவிகிதத்தை எட்டியது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாட்டின் சராசரியே அந்த அளவை அடைந்தது. எத்தனால் எரிவதற்கு ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே தேவை. ஆகவே 20 சதவிகிதக் கலப்புக்கு வேண்டிய காற்று 14.7 பங்கிலிருந்து ஏறக்குறைய 13.5 பங்காகக் குறைகிறது. பழைய பெட்ரோலுக்கென அமைந்த ஜெட்டுகள் அளிக்கும் கலவை, இப்போது பெட்ரோல் குறைந்த கலவையைப்போல் நடந்துகொள்ளும். முன்பே சிறிது அடைபட்டிருந்த ஸ்லோ ஜெட் இதனால் எஞ்சினை நிறுத்திவிடக் கூடும். எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பது; பழைய வகை ரப்பர் பகுதிகளை ஊறிப் பருக்கச் செய்வது. ஆகையால், பருவம் முடிந்து யந்திரத்தை நிறுத்தும்போது, டாங்கியையும் கார்புரேட்டர்க் கிண்ணத்தையும் வடித்துவைத்தல் முன்னிலும் இன்றியமையாததாயிற்று. சில நிமிட வேலை அடுத்த பருவத்தின் பழுதைத் தடுக்கும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தின் தத்துவங்களை யந்திரமின்றியே வகுப்பில் காட்டலாம். குவளை நீரில் உறிஞ்சுகுழல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனைக்குக் குறுக்கே மற்றொரு குழலால் பலமாக ஊதினால் நீர் ஏறித் தூவானமாகத் தெறிக்கும். மெல்ல ஊதினால் நீர் ஏறாது. மெயின் ஜெட் மெதுவோட்டத்தில் வாளாவிருப்பதை மாணவர் இதனால் உணர்வர். அடுத்து, வேறொரு குழலின் மேற்பகுதியில் ஊசியால் சில துளைகள் இட்டு, அதன் வழியே நீரை மெல்ல உறிஞ்சச் சொல்க. நீருக்குப் பதில் காற்றே மிகுதியாக வரும். துளைகளை விரலால் மூடினால் நீர் ஏறும். இதுவே பேக்கிங் கசிவும், அதைக் காட்டும் கிரீஸ் சோதனையும். ஜெட்டின் விட்டத்தையும் பரப்பையும் பற்றிய மேற்கண்ட கணக்கை மாணவர்களே செய்து பார்க்கலாம்.

இவற்றினும் மேலாக அவர்கள் கற்க வேண்டியது சோதனையின் ஒழுங்கு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதையும் விளைவையும் குறித்து வைக்க. பயனில்லையாயின் பழைய நிலைக்கே திருப்புக. அதன் பின்னரே அடுத்ததைத் தொடுக. மூன்று திருகுகளை ஒருங்கே முறுக்கி எஞ்சினை ஓடச் செய்தவர் எதனால் அது ஓடிற்று என்று அறியமாட்டார். அடுத்த முறை அது நிற்கும்போது அவர் தொடங்கிய இடத்திலேயே இருப்பார்.